வானூர்தி வாயிலில் வாய்மூடி நிற்கும் தமிழர்

பேரன் பிறந்த செய்தி கேட்டுச் சிங்கைக்குப் புறப்படும் மூதாட்டி ஒருவர், தமிழகத்து வானூர்தி நிலையம் ஒன்றின் காவலாய்வு வரிசையில் நிற்கிறார். அகவை எழுபதை நெருங்குகிறது. வானூர்தியில் ஏறுவது இதுவே முதன்முறை. கையில் ஒரு துணிப்பை. அதனுள் மகனுக்கென உருக்கிய நெய், மருமகளுக்கென ஊறவைத்த எலுமிச்சை ஊறுகாய், பேறுகால மருந்துப் பொடி. இரவெல்லாம் விழித்திருந்து கட்டிய பை அது. முறை வந்ததும் எதிரே நிற்கும் காவலர் இந்தியில் ஏதோ சொல்கிறார். மூதாட்டி விழிக்கிறார். காவலர் அதையே குரலை உயர்த்தி மீண்டும் சொல்கிறார். மொழியறியாதார்க்குக் குரல் உயர்ந்தால் பொருள் விளங்கிவிடும் என்னும் மயக்கம் உலகெங்கும் உண்டு போலும்!

பை ஊடுகதிர்ப் பொறிக்குள் செல்கிறது, திரும்புகிறது, திறக்கப்படுகிறது. நெய்க்குப்பி ஒரு பக்கம், ஊறுகாய் ஒரு பக்கம் எடுத்து வைக்கப்படுகின்றன. ஏன் எனக் கேட்க மூதாட்டிக்குச் சொல் உண்டு. அதைக் கேட்கக் காவலர்க்குச் செவியில்லை. ஏன் எனச் சொல்லக் காவலர்க்குக் கரணியம் உண்டு. அதைச் சொல்ல அவர்க்கு மொழியில்லை. பின்னே நாற்பது பேர் நிற்கின்றனர். ஒருவர் கைக்கடிகையைப் பார்க்கிறார், ஒருவர் பல்லைக் கடிக்கிறார், "படிக்காத கிழங்களை யார் இங்கே வரச்சொன்னது?" என ஒருவர் ஆங்கிலத்தில் முணுமுணுக்கிறார். நெய் குப்பைத் தொட்டிக்குப் போகிறது. வெறும் பையுடன் மூதாட்டி நகர்கிறார்.

இக்காட்சி தமிழகத்து வானூர்தி நிலையங்களுக்குப் புதிதன்று. வான்பயணத்தில் நேரும் காலத்தாழ்வைப் பற்றிக் குறைகூறாதார் இல்லை. பொறி போதாது, காவலர் போதார், இடம் போதாது என்பன எங்கும் கேட்கும் குறைகள். அவற்றில் உண்மையும் உண்டு. ஆயினும் யாரும் எண்ணிப் பாராத குறை ஒன்றுண்டு. காவலாய்வு வாயிலில் காலத்தை விழுங்குவது ஆய்வு மட்டுமன்று, சொல்லின்மையும் ஆகும். எதை எங்கு வைப்பது, எதைக் கழற்றுவது, எதைக் கொண்டு செல்லலாகாது என்பதைப் பயணர்க்கு அவர்தம் மொழியில் முன்னரே சொல்லியிருந்தால், பாதிப் பைகள் மறுமுறை திறக்கப்படத் தேவையே இராது. மொழி உரிமையென மேடையில் முழங்கும் செய்தி, ஈண்டு மணித்துளிக் கணக்காகவே வந்து நிற்கிறது.

காவலாய்வே வேண்டா என்பார் எவரும் இலர். அதன் ஒவ்வொரு விதிக்குப் பின்னும் ஒரு துயரம் உறங்குகிறது. 1976ஆம் ஆண்டு செப்தம்பர் 10ஆம் நாள் தில்லியினின்று எழுந்த உள்நாட்டு வானூர்தி ஒன்று இலாகூருக்குக் கடத்தப்பட்டது. அதன்பின் அமைந்த குழுவின் பரிந்துரைப்படியே 1978 சனவரியில் வான்பயணப் பாதுகாப்புக்கெனத் தனிப் பிரிவொன்று இந்திய அரசில் தோன்றியது. 1984 ஆகத்து 2ஆம் நாள் மீனம்பாக்கம் வானூர்தி நிலையத்தில் குண்டு வெடித்து முப்பது பேருக்கு மேல் மாண்டனர். கொழும்பு செல்லும் வானூர்திக்கெனப் பதியப்பட்ட பெட்டிகள் அவை. அவற்றைப் பதிந்தவர் வானூர்தியில் ஏறவேயில்லை. அடுத்த ஆண்டு, 1985 சூன் 23ஆம் நாள், கனடாவினின்று புறப்பட்ட 'கனிட்கா' என்னும் இந்திய வானூர்தி அயர்லாந்துக் கடற்பரப்பின் மேலே வெடித்துச் சிதறியது. 329 பேர் மாண்டனர். அங்கும் பெட்டி ஏறியது, பெட்டிக்குரியவர் ஏறவில்லை. பெட்டியைப் பதிந்தவர் வாராதொழிந்தால் அப்பெட்டியைத் தேடி இறக்கிய பின்னரே வானூர்தி புறப்படும் என்னும் விதி இத்தகைய பிணக்குவியல்களின்மேல் எழுதப்பட்டதாகும். யாரோ ஒருவர் வரவில்லையெனத் தாம் காத்திருக்க நேர்வது ஏன் எனப் புழுங்குவோர் இதனை அறிந்தால் புழுக்கம் தணியும்.

காலணி விதியின் வரலாறும் அத்தகையதே. 2001 திசம்பர் 22ஆம் நாள் பாரிசினின்று அமெரிக்கா சென்ற வானூர்தியில் ஒருவன் தன் காலணியில் மறைத்திருந்த வெடிமருந்துக்குத் தீவைக்க முயன்றான்; உடன்பயணரும் பணியாளரும் அவனை மடக்கினர். 2006ஆம் ஆண்டு முதல் அமெரிக்க வாயில்கள் அனைத்திலும் காலணி கழற்றல் கட்டாயமாயிற்று. அதே ஆண்டு ஆகத்தில், பருகுநீர்க் குப்பிகளில் நீர்ம வெடிமருந்தை நிறைத்து அத்திலாந்தியப் பெருங்கடலைக் கடக்கும் வானூர்திகளைத் தகர்க்கத் தீட்டிய சூழ்ச்சி இங்கிலாந்தில் வெளிப்பட்டது. வெளிநாட்டுப் பயணத்தில் கைப்பையில் கொண்டு செல்லும் நீர்மம், களிம்பு, குழம்பு போன்றவை குப்பியொன்றுக்கு 100 மில்லி இலிட்டருக்கு மேற்படலாகாது, அக்குப்பிகள் யாவும் ஓர் இலிட்டர் கொள்ளும் ஒளியூடுருவும் பைக்குள் அடங்க வேண்டும் என்னும் விதி அதனின்று பிறந்தது. மூதாட்டியின் நெய்யைத் தடுத்தது காவலரின் கல்நெஞ்சம் அன்று, அவ்விதியே. ஆனால் அவ்விதியை அவர் சிற்றூரில் சொன்னவர் யார்?

விதியின் உட்பொருளும் எளிதே. ஊடுகதிர்ப் பொறியின் திரையில் ஒவ்வொரு பொருளும் தன் தன்மைக்கேற்ப ஒரு நிறம் பெறுகிறது. உணவு, துணி, தாள் போன்ற உயிர்ச்சார்புப் பொருள்கள் செம்மஞ்சளாகத் தோன்றும். மாழைகள் நீலமாகத் தோன்றும். இடைப்பட்டவை பச்சையாகத் தோன்றும். வெடிமருந்து பலவும் உணவைப் போன்றே செம்மஞ்சளாகத் தெரிவதால், நெய்யையும் நஞ்சையும் பழைய பொறி எளிதிற் பிரித்தறியாது. மடிக்கணினியின் மின்கலம் அடர்ந்த நிழலாய் விழுந்து, தன் அடியில் உள்ளதை மறைத்துவிடும். ஆகவே அதனை வெளியே எடுத்துத் தனித்தட்டில் வைக்கச் சொல்கின்றனர். பையை எல்லாப் பக்கத்தினின்றும் படம்பிடித்து முப்பரிமாண உருக்காட்டும் புதுப்பொறிகள் உள்ள நிலையங்களில் மடிக்கணினியை எடுக்க வேண்டுவதில்லை. இவ்வளவே செய்தி. பள்ளிப் பிள்ளைக்கும் அரை நாழிகையில் விளங்க வைக்கலாம். தமிழில் விளங்க வைக்க முடியாத நுட்பம் இதில் ஒன்றுமில்லை.

மறைந்திருக்கும் மற்றொரு காலக்கொல்லி, கைப்பேசிக்கு மின்னூட்டப் பயன்படும் 'பவர் பேங்கு' ஆகும். அதனுள் இருப்பது இலித்தியம் மின்கலம். பழுதுற்றால் தீப்பற்றும் இயல்பினது. ஆட்கள் அமரும் அறையில் தீப்பற்றினால் பணியாளர் கண்டு அணைப்பர். அடியிலுள்ள சரக்கறையில் பற்றினால் காண்பார் யார்? எனவே அது கைப்பையில் மட்டுமே செல்லலாம். சரக்கறைக்குச் செல்லும் பெட்டியில் வைக்கலாகாது. பலர் இதனைத் தலைகீழாகவே எண்ணுகின்றனர். இடர் தரும் பொருளெனில் பெரிய பெட்டிக்குள் புதைத்து வைப்பதே முறை எனக் கருதிப் புதைத்து விடுகின்றனர். பெட்டி ஆய்வில் அது புலப்பட்டதும் உரியவரை அழைக்கின்றனர். அழைப்பு அவர்க்கு விளங்கும் மொழியில் இல்லையேல் அவர் தேநீர்க் கடையோரம் அமர்ந்திருப்பார்; பெட்டி கீழே கிடக்கும்; வானூர்தி காத்திருக்கும் அல்லது பெட்டியின்றிப் பறக்கும்.

கொப்பரையும் இவ்வகையே. எண்ணெய்ப் பசை மிக்கதாதலின் அடைத்து வைத்த இடத்தில் தானே சூடேறித் தீப்பற்ற வல்லது என்பதால், 2022ஆம் ஆண்டில் அது பெட்டிக்கான தடைப்பட்டியலில் ஏறியது. முழுத் தேங்காய்க்குக் கைப்பையில் இடமில்லை என்பது பொதுவிதி. ஆனால் அதே 2022 நவம்பரில், சபரிமலை செல்வோர் இருமுடியில் உள்ள தேங்காயைக் கையோடு கொண்டு செல்ல 2023 சனவரி 20 வரை இசைவு தரப்பட்டது. ஊடுகதிராலும் வெடிமருந்துத் தடமறி கருவியாலும் கையாலும் ஆய்ந்த பின்னரே விடுவது எனவும் வரையப்பட்டது. 2024ஆம் ஆண்டிலும் அவ்விசைவு வந்தது. இதனால் விளங்குவது என்ன? மக்களின் வாழ்க்கை முறையை அறிந்து, காவல் குன்றாமலே விதியை ஒழுங்குபடுத்த அரசால் இயலும். தேங்காய்க்கு இயன்றது தாய்மொழிக்கு இயலாதா?

தேவையற்ற படியை நீக்கியும் வரிசையை விரைவாக்கலாம் என்பதற்கும் சான்றுண்டு. கைப்பைகளில் தாட்பட்டை கட்டி, ஆய்ந்தபின் அதன்மேல் முத்திரை குத்தும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. பட்டை அறுந்தாலோ முத்திரை விடுபட்டாலோ பயணர் வானூர்தி ஏணிப்படி வரை சென்றும் திரும்பி ஓட நேரும். 2017 ஏப்பிரல் 1ஆம் நாள் தில்லி, மும்பை உள்ளிட்ட 7 நிலையங்களில் அவ்வழக்கம் நீக்கப்பட்டது. அவ்வாண்டே சென்னையிலும் நீங்கியது. வான் இடிந்து விழவில்லை. அமெரிக்காவும் 2025 சூலையில் காலணி கழற்றும் கட்டாயத்தை விட்டுவிட்டது. நாற்பது ஆண்டு வழக்கம், இருபது ஆண்டு வழக்கம் என்பதற்காக ஒன்றைப் போற்ற வேண்டுவதில்லை. பயன் உண்டா எனப் பார்க்க வேண்டும். 2022 திசம்பரில் தில்லி நிலையத்தில் கூட்டம் கட்டுக்கடங்காமல் போய், உள்நாட்டுப் பயணரும் மூன்றரை மணி நேரம் முன்னரே வருமாறு வேண்டப்பட்டனர், துறை அமைச்சரே நேரிற் சென்று பார்த்தார், பொறிகள் கூட்டப்பட்டன. கூச்சல் எழுந்த இடத்துக்குத் தீர்வு விரைந்து வருகிறது. ஓசையின்றி வெறும் பையுடன் நகரும் மூதாட்டிக்காக எந்த அமைச்சர் வருவார்?

இனி மொழிச் செய்திக்கு வருவோர் ஒரு வரலாற்றை நினைவிற் கொள்ள வேண்டும். மீனம்பாக்க வாயிலில் தமிழ் எக்காலமும் இல்லாதிருந்ததன்று. முன்னர் அந்தந்த மாநிலக் காவல்துறையே வானூர்தி நிலையங்களில் காவலாய்வு செய்தது. தமிழகத்தில் தமிழ்க் காவலர் நின்றனர், "பையைக் கொடுங்கம்மா" என்றனர், வேலை நடந்தது. 1999 திசம்பர் 24ஆம் நாள் காத்மாண்டிலிருந்து தில்லிக்கு வந்த வானூர்தி கடத்தப்பட்டுக் கந்தகாரில் இறக்கப்பட்ட பின்னர், நாடெங்கும் ஒரே படை காவல் செய்தல் வேண்டும் என நடுவணரசு முடிவெடுத்தது. 2000ஆம் ஆண்டு பிப்பிரவரியில் செய்ப்பூரில் தொடங்கி, நடுவண் தொழிற்பாதுகாப்புப் படை ஒவ்வொரு நிலையமாகப் பொறுப்பேற்றது. காவல் ஒருமுகமாயிற்று, நன்று. ஆனால் அதனோடு வாயிலின் மொழியும் மாறியது. பயணரின் மொழி பின்வாங்கியது; படையின் மொழி முன்வந்தது.

இதனை உணர்ந்தோ என்னவோ, 2018 திசம்பரில் வானூர்தித் துறை ஓர் அறிவுறுத்தம் விடுத்தது. நிலையங்களில் பொது அறிவிப்புகள் முதலில் அவ்வட்டார மொழியிலும், அதன்பின் இந்தியிலும் ஆங்கிலத்திலும் அமைய வேண்டும் என்பது அது. ஒலிபெருக்கி அறிவிப்பே செய்யாத நிலையங்கட்கு அது பொருந்தாது எனவும் சொல்லப்பட்டது. அறிவுறுத்தம் ஒலிபெருக்கியளவில் நின்றது. மாந்தர் ஒருவரோடொருவர் முகம்பார்த்துப் பேசும் காவலாய்வு வாயிலுக்குள் அது நுழையவில்லை. 2020 ஆகத்து 9ஆம் நாள் நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழி, சென்னை வானூர்தி நிலையத்தில் தமக்கு இந்தி தெரியாததால் தமிழிலோ ஆங்கிலத்திலோ பேசுமாறு காவல் அலுவலர் ஒருவரைக் கேட்டபோது, 'நீங்கள் இந்தியர்தாமா' என்னும் வினா வந்தது எனத் தாமே வெளியிட்டார். படைத் தலைமை உசாவலுக்கு ஆணையிட்டது. நாடாளுமன்ற உறுப்பினர் கேட்டால் உசாவல் நடக்கும். வயலில் களையெடுத்த கையோடு வந்து நிற்பவர் யாரிடம் கேட்பார்?

1976ஆம் ஆண்டின் ஆட்சிமொழி விதிகள், தமிழ்நாடு நீங்கலாக இந்தியா முழுமைக்கும் பொருந்தும் என்றே தம்மை வரையறுத்துக் கொண்டுள்ளன. ஏட்டில் தமிழகத்துக்கு விலக்குண்டு. வாயிலில் அவ்விலக்கு எங்கே? திருச்சிராப்பள்ளியில் 2024ஆம் ஆண்டு திறக்கப்பட்ட புதிய நிலையக் கட்டடத்தில் கோபுரமும் கோலமும் தமிழ்க்கலையும் அழகுறத் தீட்டப்பட்டுள்ளன. காண்போர் கண்குளிரும், மறுப்பில்லை. ஆனால் சுவருக்குத் தமிழ் உடுத்திப் பேச்சுக்குத் தமிழை மறுப்பது, விருந்தினரை வாழைத்தோரணம் கட்டி வரவேற்று இலையில் வெறுங்கையை வைப்பது போன்றதாகும்.

வாயிலில் நிற்கும் காவலர்மேல் சினங்கொள்வது அறியாமை. பீகாரினின்றோ அரசத்தானத்தினின்றோ வந்து, பெண்டு பிள்ளைகளைப் பிரிந்து, மணிக்கணக்கில் நின்றவாறே ஆயிரம் பேரின் கைகளைத் தடவிப் பார்க்கும் எளிய உழைப்பாளி அவர். அவரைத் தமிழகத்துக்கு அனுப்பியவர் துமுக்கி தந்தார், சீருடை தந்தார், மாழைக் கண்டறி கோல் தந்தார், பத்துத் தமிழ்ச் சொல் தரவில்லை. குற்றம் அனுப்பியவருடையது. கருவியின்றிக் களத்துக்கு அனுப்பப்பட்டவரும் ஒரு வகையில் துன்புறுவோரே. தம் சொல் விளங்காத நூறு பேரிடம் நாள்தோறும் குரலுயர்த்திக் களைக்கும் அவர்க்கும் தமிழ் ஓர் ஆறுதலாகும்.

விரைவுக்கு வேறு வழிகளும் இந்நாளில் காட்டப்படுகின்றன. முகத்தைப் பொறி அடையாளங்கண்டு வாயிலைத் திறக்கும் முறை 2022 திசம்பர் 1ஆம் நாள் தில்லி, பெங்களூரு, வாரணாசி ஆகிய மூன்றிடங்களில் தொடங்கிப் பின்னர்த் தமிழகத்துக்கும் வந்தது. முன்பதிவு செய்துகொண்ட குடிமக்கள் குடிநுழைவு வாயிலை விரைந்து கடக்கும் ஏற்பாடு 2024 சூனில் தில்லியிலும் 2025 சனவரியில் சென்னையிலும் வந்தது. அமெரிக்காவில் 2011ஆம் ஆண்டு முதல் கட்டணம் செலுத்திப் பதிந்தோர் தனிவரிசையில் காலணி கழற்றாமலே சென்றனர். இவையெல்லாம் பயனுடையவையே. அடிக்கடி பறப்போர் இவற்றைக் கைக்கொள்வதில் தவறில்லை. ஆனால் ஒன்றை மறத்தலாகாது. முகங்காட்டிக் கதவைத் திறந்தவரும், உடலாய்வுக்கும் பையாய்வுக்கும் அதே வரிசைக்கே வந்து சேர்கிறார். அவ்வரிசையின் விரைவை முன்நிற்கும் மூதாட்டியே வரையறுக்கிறார். அவர் பை மும்முறை திறக்கப்பட்டால் பின்நிற்கும் செல்வரும் மும்முறை காத்திருப்பார். கடையரை உயர்த்தினாலன்றி முதல்வர்க்கும் விரைவில்லை என்பது அறவுரையாக மட்டுமன்றி, வானூர்தி நிலையத்தின் கணக்காகவும் இருக்கிறது.

ஆய்வுக்கு உட்படுதல் மானக்கேடு என்பாரும் உளர். அவர்கள் இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாமை நினைத்தல் நலம். குடியரசுத் தலைவராயிருந்தவர்க்கு இந்திய விதிப்படி உடலாய்வு இல்லை. ஆயினும் 2009 ஏப்பிரலில் தில்லி நிலையத்தில் அமெரிக்க வானூர்தி நிறுவனம் ஒன்றின் பணியாளர் அவரை ஆய்வுக்கு உட்படுத்தினர். 2011 செப்தம்பரில் நியூயார்க்கில் வானூர்தியில் ஏறி அமர்ந்த பின்னரும் அவருடைய மேற்சட்டையையும் காலணியையும் வாங்கிச் சென்று ஆய்ந்தனர். நாடு கொதித்தது, அவர் கொதிக்கவில்லை. முதல் நிகழ்ச்சி மூன்று திங்கள் கழித்தே வெளியுலகுக்குத் தெரிந்தது. ஆய்வு அவரைச் சிறுமைப்படுத்தவில்லை. ஏனெனில் என்ன நடக்கிறது என்பது அவர்க்கு விளங்கியது. மூதாட்டியைச் சிறுமைப்படுத்துவதும் ஆய்வன்று. என்ன நடக்கிறது என்பது விளங்காமையே. விளங்கிச் செய்தால் ஒழுங்கு. விளங்காமல் செய்விக்கப்பட்டால் அடிமை.

தமிழர் தம்மையும் உள்ளோக்கிப் பார்க்கக் கடமைப்பட்டுள்ளனர். வானூர்தி நிறுவன மேசைக்குப் பின்னே நிற்கும் தமிழ்ப் பெண், எதிரே நிற்கும் தமிழரிடம் ஆங்கிலத்தில் பேசுகிறார். அவரும் அரைகுறை ஆங்கிலத்திலேயே விடையிறுக்கிறார். தமிழில் பேசினால் தாழ்வு என்னும் நோய் இருபுறமும் இருக்கிறது. பயணச்சீட்டு விற்கும் தமிழ் முகவர்கள், பெயர்ப்பலகையில் தமிழ் இருந்தும் கையிற் கொடுக்கும் தாளில் ஒரு வரித் தமிழ் அச்சிடுவதில்லை. வளைகுடாவுக்கும் சிங்கைக்கும் மலேசியாவுக்கும் ஆளனுப்பும் ஊர்களில் எத்தனை மன்றங்கள் உள்ளன! அவற்றுள் எத்தனை மன்றங்கள் முதன்முறை பறப்போர்க்கென ஒரு துண்டறிக்கை வெளியிட்டிருக்கின்றன? நடுவணரசைக் கேட்பது உரிமை. தாமே செய்யத் தக்கதைச் செய்வது கடமை. உரிமைக் குரல் உயர்ந்து கடமைக் கை தாழ்ந்திருத்தல் தகாது.

வேண்டுவன நான்கே. தமிழகத்து நிலையங்களில் பணியேற்கும் ஒவ்வொரு காவலர்க்கும் வாயிலில் வேண்டிய பத்துச் சொற்றொடர்களைத் தமிழில் பயிற்றுவித்தல் முதலாவது. "பையை இங்கே வையுங்கள்", "பைக்குள் மடிக்கணினி உண்டா?", "சட்டைப்பையில் உள்ளதைத் தட்டில் வையுங்கள்", "கைகளை விரித்து நில்லுங்கள்", "திரும்புங்கள்", "முடிந்தது, செல்லலாம்" என்பன போன்றவை அவை. ஒரு பிற்பகல் போதும். வரிசை தொடங்கும் இடத்திலேயே, கொண்டு செல்லத்தகாதவற்றைப் படத்தோடும் பெரிய தமிழெழுத்தோடும் எழுதிவைத்தல் இரண்டாவது. ஒவ்வொரு வேளையிலும் ஒவ்வொரு வரிசைக்கும் தமிழறிந்த ஒருவரை, சிறப்பாகப் பெண்களை ஆயும் திரையிட்ட கூட்டில் தமிழறிந்த பெண்காவலர் ஒருவரை, நிறுத்துதல் மூன்றாவது. பயணச்சீட்டோடு தமிழில் ஒரு பக்க அறிவுரைத் தாள் தருதல் வானூர்தி நிறுவனங்கள் செய்ய வேண்டிய நான்காவது. ஆங்கிலத்தை அகற்றுக என்றோ, இந்தி பேசுவோரிடம் இந்தி பேசற்க என்றோ இவற்றுள் ஒன்றும் சொல்லவில்லை. கொழும்பை அடுத்த கட்டுநாயக்க நிலையத்தில் மும்மொழியில் பலகை உண்டு. தமிழும் அவற்றுள் ஒன்று. தமிழை ஆட்சிமொழிகளுள் ஒன்றாகக் கொண்ட சிங்கையின் சாங்கி நிலையத்திலும் தமிழெழுத்தைக் காணலாம். கடல்கடந்த நாட்டில் கிட்டுவது தமிழ் பிறந்த நாட்டில் அரிதாயிருப்பது எந்த முறையில் அடங்கும்?

அரசு செய்யுங்காறும் மக்கள் கைகட்டியிருத்தல் வேண்டா. புறப்படுதற்கு முன்னிரவே ஒவ்வொரு வீட்டிலும் இவற்றைச் செய்யலாம். நெய், எண்ணெய், ஊறுகாய், குழம்பு ஆகியவற்றை நன்கு அடைத்துப் பெரிய பெட்டியில் வைக்க. கத்தி, கத்தரிக்கோல் போன்ற கூரியன எவையும் கைப்பையில் வேண்டா. தீப்பெட்டியும் தீமூட்டியும் வீட்டிலேயே இருக்கட்டும். பவர் பேங்கையும் மாற்று மின்கலங்களையும் கைப்பையில் மட்டுமே வைக்க. கொப்பரையைத் தவிர்க்க. மருந்துகளை மருத்துவர் சீட்டோடு எளிதில் எடுக்கும் இடத்தில் வைக்க. கடவுச்சீட்டும் ஏறுசீட்டும் கையிலிருக்கட்டும். வரிசையில் நிற்கும்போதே சில்லறைக் காசு, திறவுகோல், கைப்பேசி, இடைவார் ஆகியவற்றைக் கைப்பைக்குள் இட்டுவிட்டால் தட்டருகே தடுமாற வேண்டுவதில்லை. பிறர் தரும் பொட்டலத்தை உள்ளிருப்பது அறியாமல் வாங்கற்க. இவற்றை அறிந்தோர் அறியாதார்க்குச் சொல்க. ஊர்மன்றங்கள் துண்டறிக்கையாய் அச்சிட்டு வழங்குக. காவலர் இந்தியில் வினவினால் சினமின்றி, அச்சமுமின்றி, "தமிழில் சொல்லுங்கள்" எனத் தெளிவாய்க் கேட்க. பத்துப் பேர் கேட்டால் குறும்பு என்பர். பதினாயிரவர் கேட்டால் தேவை என்பர்.

இவை நடந்தால் அம்மூதாட்டியின் பயணம் எங்ஙனம் அமையும்? முகவர் தந்த தமிழ்த்தாளைப் பக்கத்து வீட்டுப் பள்ளிச் சிறுமி படித்துக் காட்டுகிறாள். நெய்யும் ஊறுகாயும் பெரிய பெட்டிக்குப் போகின்றன. கைப்பையில் சேலையும் மருந்துப் பொடியும் மட்டுமே. வாயிலில் வடநாட்டுக் காவலர், தடுக்கிய தமிழிலேனும், "பையை இங்கே வையுங்கள்" என்கிறார். மூதாட்டி வைக்கிறார். பை ஒருமுறை உள்ளே செல்கிறது. ஒருமுறை வெளியே வருகிறது. "முடிந்தது, செல்லலாம்" என்கிறார் காவலர். "நல்லாயிரு, அப்பா" என வாழ்த்திவிட்டு மூதாட்டி நடக்கிறார். பின்னே நின்ற நாற்பது பேரும் ஒருவரைத் தொடர்ந்து ஒருவராக நகர்கின்றனர். சிங்கையில் மகன் சோற்றின்மேல் நெய் ஊற்றப்படுகிறது.

பத்துச் சொற்றொடர், ஒரு பக்கத் தாள், ஒரு பலகை. கோடிக்கணக்கில் பணம் கொட்டிப் பொறிகள் வாங்கும் அரசால் இவற்றைத் தர இயலாது என்பதை யாரும் ஏற்கார். தமிழ்மண்ணில் எழும் வானூர்தியில் ஏறத் தமிழே போதுமானதாக ஆகும் நாளில்தான், அவ்வாயில் உண்மையில் பாதுகாப்புடையதாகும், விரைவுடையதும் ஆகும்.